பெயர் தெரிகிறது, சத்தம் வருதில்லை: வலையமைப்பு ஒலிக் கருவிகளை ஒத்துப்போக வைப்பது எப்படி?

"லிஸ்ட்டில பெயர் நிக்குது அண்ணா, ஆனா சத்தம் வருதில்லை."

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்களில் ஒலி அமைப்புச் செய்யும் தம்பிமாரிடமிருந்து இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. அரங்கேற்றம் என்று வையுங்கள். மேடைக்கு டான்டே பேசும் டிஜிட்டல் மிக்சர். டான்டே என்பது ஒலியை வலையமைப்புக் கேபிளில் அனுப்பும் ஒரு முறை. டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் பார்க்க நேரலை போடுகிறவர்கள் கொண்டுவந்தது வேறொரு கம்பனியின் கருவி. இரண்டு பெட்டியிலும் ஏஇஎஸ்67 என்று, இப்படியான முறைகளுக்கெல்லாம் பொதுவான நியமத்தின் பெயர் போட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் செருகியாயிற்று. ஒன்றின் திரையில் மற்றதன் பெயர்கூட வந்துவிட்டது. ஆனால் மீட்டர் அசையவில்லை. அல்லது சத்தம் வருகிறது, இடையிடையே 'டிக்' என்று வெட்டுகிறது.

இரண்டு கருவிகள் வலையமைப்பு வழியே ஒலியைப் பரிமாற மூன்று விஷயங்களில் உடன்பட வேண்டும். இப்போது நேரம் என்ன? ஒலியை எப்படிப் பொதி கட்டுவது? யார் எந்த முகவரியில் அனுப்புகிறார் என்பதை எப்படி அறிவிப்பது? லிஸ்ட்டில் பெயர் தெரிவது மூன்றாவது விஷயம் சரியாக நடந்ததற்கு மட்டுமே சாட்சி. கோளாறு பெரும்பாலும் இருப்பது முதலாவதில். அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் நேரத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கம்பிக்குள் என்ன போகிறது என்று பார்ப்போம். மைக்கில் விழும் ஒலியை கருவி செக்கனுக்கு 48,000 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் ஒரு சாம்பிள் என்கிறோம். ஒவ்வொன்றையும் 24 பிட்டில் எழுதுகிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரு மைக்குக்கு செக்கனுக்கு 1.152 மெகாபிட். ஒரு கிகாபிட் கேபிளில் இப்படி நூற்றுக்கணக்கான தடங்களை அனுப்பலாம். மேடையிலிருந்து மிக்சர் வரைக்கும் கை மொத்தத்தில் மல்டிகோர் கேபிளை இழுத்து, கடற்காற்றில் பச்சை பிடித்த கனெக்டர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த வேலையை ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டில் ஒவ்வொரு மாதிரிச் செய்தது. 1996இல் கோப்ராநெட் வந்தது. 2003இல் வானொலி நிலையங்களுக்கென்று லைவ்வயர். சிட்னியில் 2006இல் தொடங்கிய ஓடினேட் கம்பனியின் டான்டே, மேடைகளையும் மண்டபங்களையும் பிடித்துக்கொண்டது. 2010இல் மியூனிக்கிலிருந்து ரவென்னா. ஒன்றின் மொழி மற்றதுக்குப் புரியாது. இதைச் சரிக்கட்ட ஒலிப் பொறியியலாளர்களின் சங்கமான ஏஇஎஸ் 2013 செப்டெம்பரில் ஒரு பொது நியமத்தை வெளியிட்டது. அதுதான் ஏஇஎஸ்67.

அதைப் புதிதாக இன்னொரு முறை என்று நினைக்கக் கூடாது. ஏற்கெனவே இருந்த முறைகள் எல்லாம் ஆகக் குறைந்தது இதையாவது பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று வகுத்த ஒரு பொதுத் தளம் அது. ஆகக் குறைந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். டான்டேக் கருவி மற்றொரு டான்டேக் கருவியோடு இருக்கும்போது தானாக நடக்கும் பல வசதிகள் இங்கே கிடைக்காது. நீங்களே உட்கார்ந்து செட் பண்ண வேண்டும்.

நேரம்

ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் பளிங்கு துடிக்கிறது. செக்கனுக்கு 48,000 என்று எண்ணுவது அதை வைத்துத்தான். ஆனால் எந்த இரண்டு பளிங்கும் அச்சாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து இலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்பது சாதாரணப் பளிங்குக்குப் பெரிய குறையே இல்லை. உங்கள் கைக்கடிகாரம் அப்படி ஓடினால் நாளுக்கு நாலு செக்கனளவு பிழைக்கும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

ஒலியில் அது வேறு கதை. 48,000இல் அந்தப் பங்கு 2.4 சாம்பிள். அதாவது அனுப்பும் கருவி வாங்கும் கருவியை விட ஒவ்வொரு செக்கனும் 2.4 சாம்பிள் கூடுதலாக அனுப்பிக்கொண்டிருக்கும், அல்லது குறைவாக. வாங்கும் கருவியில் வந்த சாம்பிள்களைச் சற்று நேரம் வைத்திருக்கும் பஃபர் ஒன்று உண்டு. அதில் 48 சாம்பிள் இடைவெளி இருக்கிறது என்றால் 20 செக்கனில் அது நிரம்பி வழியும், அல்லது வற்றிப்போகும். அந்தக் கணத்தில் கேட்பதுதான் 'டிக்'. பிறகு மறுபடி 20 செக்கன், மறுபடி ஒரு 'டிக்'.

பழைய ஸ்டூடியோக்களில் இதற்கு வேர்ட் கிளாக் என்று தனியாக ஒரு கேபிள் ஓடும். வலையமைப்பில் அந்த வேலையைச் செய்வது பிடிபி என்ற நேர ஒத்திசைவு முறை. கச்சேரியில் தாளம் போடுகிறவரைப் பார்த்தே எல்லோரும் வாசிப்பதுபோல, ஒரு கருவி தலைமைக் கடிகாரமாக நிற்கும், மற்றவை அதைப் பார்த்துத் தங்கள் துடிப்பைத் திருத்திக்கொள்ளும்.

எப்படித் திருத்துகின்றன என்பது அழகான ஒரு கணக்கு. நேரத்தை எழுதி அனுப்பினால் மட்டும் போதாது. செய்தி கேபிளிலும் சுவிட்சிலும் பயணித்து வருவதற்கே கொஞ்ச நேரம் எடுக்கும், அந்தப் பயண நேரமும் தெரிய வேண்டும். அதனால் செய்தி இரண்டு பக்கமும் போய் வருகிறது.

தலைமைக் கடிகாரம் தன் நேரம் 100 மைக்ரோ செக்கனாக இருக்கும்போது ஒரு செய்தி அனுப்புகிறது என்று வையுங்கள். அது வந்து சேரும்போது பின்தொடரும் கருவியின் கடிகாரம் 165 காட்டுகிறது. வித்தியாசம் 65. பின்தொடரும் கருவி தன் நேரம் 200இல் ஒரு பதில் செய்தி அனுப்புகிறது. அது தலைமையிடம் போய்ச் சேரும்போது அங்கே 155. வித்தியாசம் கழித்தல் 45. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 10, அதுதான் பயண நேரம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்கினால் 55. பின்தொடரும் கருவி 55 மைக்ரோ செக்கன் முந்தி ஓடுகிறது. சரி, அவ்வளவும் பின்னால் இழுத்துக்கொள்கிறது. ஏஇஎஸ்67க்கான ஒழுங்கில் இந்தச் செய்தி வழக்கமாக செக்கனுக்கு எட்டுத் தடவை வரும். ஒரு சாம்பிளின் நீளமே 20.8 மைக்ரோ செக்கன்தான். ஒழுங்காக அமைந்த வலையமைப்பில் கடிகாரங்கள் ஒரு மைக்ரோ செக்கனுக்கும் உள்ளே ஒன்றையொன்று பிடித்து நிற்கும்.

இந்தக் கணக்குக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்ற நம்பிக்கை. ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய வீடியோக் கோப்பு ஒன்று சுவிட்சை அடைத்துக்கொண்டு நின்றால் அந்த நம்பிக்கை உடைகிறது, கடிகாரம் தடுமாறுகிறது. ஒலிக்கென்று தனி சுவிட்ச் வையுங்கள், மண்டபத்து இன்டர்நெட்டோடு கலக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

தலைமைக் கடிகாரத்தை யார் தெரிவுசெய்கிறார்? கருவிகளே. ஒவ்வொன்றும் தன் தகுதியை அறிவிக்கிறது. முதலில் பார்ப்பது முன்னுரிமை எண் 1. பொதுவாகத் தொழிற்சாலையிலிருந்து 128 என்று வரும், குறைந்த எண் வெல்லும். அதில் சமமென்றால் கடிகாரத்தின் வகுப்பு, துல்லியம், நிலைத்தன்மை, பிறகு முன்னுரிமை எண் 2. எல்லாமே சமமென்றால் கருவியின் அடையாள எண்ணில் சிறியது வெல்லும். கடைசியாகச் சொன்னது நடந்தால் அது கிட்டத்தட்ட திருவுளச்சீட்டு. எல்லாவற்றையும் 128இலேயே விட்டுவைத்தால், யாரோ மேடையோரம் கழற்றி மாட்டும் ஒரு சின்னப் பெட்டி தலைமையாகிவிடலாம். அதனால் நிகழ்ச்சி முழுக்க நிறுத்தாமல் ஓடும் ஒரு கருவியைத் தெரிந்து, அதன் எண்ணைக் குறைத்து வையுங்கள். டான்டேக் கருவியானால் கட்டுப்பாட்டு மென்பொருளில் விருப்பத் தலைமை என்று குறிக்கும் பெட்டி ஒன்று உண்டு.

இனி, தம்பிமார் அதிகம் தடக்கி விழும் இடத்துக்கு வருவோம். பிடிபியில் 2002ஆம் ஆண்டு வந்தது முதலாம் பதிப்பு, 2008இல் வந்தது இரண்டாம் பதிப்பு. இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. டான்டே தனக்குள் பயன்படுத்துவது முதலாம் பதிப்பு. ஏஇஎஸ்67 கேட்பது இரண்டாம் பதிப்பு. ஆகவே டான்டே மிக்சரில் ஏஇஎஸ்67 நிலையை நீங்களாகப் போய் இயக்காத வரைக்கும் அதன் கடிகாரமும் அடுத்த கருவியின் கடிகாரமும் ஒரே சுவிட்சில் இருந்துகொண்டே அந்நியர்களாக இருக்கும். பிழைச் செய்திகூட வராது. அது அதன் கூட்டத்துக்குத் தலைவர், இது இதன் கூட்டத்துக்குத் தலைவர்.

இயக்கும் இடம் டான்டே கன்ட்ரோலர் என்ற அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளில், அந்தக் கருவியின் பக்கத்தில் ஏஇஎஸ்67 என்றே இருக்கும். இயக்கியபின் கருவியை மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். அதன்பின் அந்தக் கருவி இரண்டு பதிப்பையும் பேசும். ஒரு பக்கம் இரண்டாம் பதிப்பில் வெளியாரோடு, மறுபக்கம் முதலாம் பதிப்பில் மற்ற டான்டேப் பெட்டிகளோடு. எல்லா டான்டேக் கருவியிலும் இந்த வசதி இல்லை. வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கடிகாரக் கூட்டத்தை மற்றதிலிருந்து பிரிக்கும் டொமைன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஇஎஸ்67இல் வழக்கமாக 0. தொலைக்காட்சிக்காரர்களின் பிடிபி ஒழுங்கில் அது 127. ஓ.பி. வேன் என்ற வெளிக்கள ஒளிபரப்பு வண்டியோடு வருபவர்களின் கருவி 127இல் நிற்கும், உங்களுடையது 0இல் நிற்கும், இரண்டு பேருக்கும் தலைமைக் கடிகாரம் பச்சை விளக்கோடு ஜம்மென்று ஓடும். ஆனால் அவை இரண்டு வெவ்வேறு கடிகாரங்கள். எனவே பச்சை விளக்கை நம்பாதீர்கள். இரண்டு கருவியின் திரையிலும் தலைமைக் கடிகாரத்தின் அடையாள எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பரிசோதனை மட்டுமே உங்கள் நேரத்தில் பாதியை மிச்சப்படுத்தும்.

இடையில் ஒன்று. பிடிபி நேரம் கொழும்பு நேரத்தைக் காட்டவில்லை என்று யாரும் பதறத் தேவையில்லை. 5.30 மணி கூட்டுவது கழிப்பது எதுவும் அதற்குக் கிடையாது. அது சர்வதேச அணு நேரத்தில் எண்ணுகிறது. நாம் பயன்படுத்தும் உலக நேரத்தை விட அது 37 செக்கன் முன்னால் ஓடுகிறது. ஜிபிஎஸ் இல்லாத மிக்சர் தலைமையாக இருந்தால் 1970இல் நிற்கிறேன் என்றுகூடச் சொல்லும். எல்லோரும் ஒரே 1970இல் நின்றால் ஒலிக்கு அது போதும்.

பொதி கட்டுதல்

இது எளிது, ஆனால் ஒரு எண் பிழைத்தாலும் கதவு திறக்காது. ஏஇஎஸ்67 பேசும் எந்தக் கருவியும் கட்டாயம் செய்ய வேண்டியது 48 கிலோஹேர்ட்ஸ் சாம்பிள் வீதம். 96, 44.1 எல்லாம் விருப்பம். டான்டேக் கருவியின் ஏஇஎஸ்67 ஸ்ட்ரீமுக்கு, அதாவது அது அனுப்பும் ஒலி ஓட்டத்துக்கு, 48தான். ஆகவே பாட்டுக்காரர் பென்டிரைவில் கொண்டுவந்த 44.1 கோப்புக்காக யாராவது மிக்சரையே 44.1க்கு மாற்றியிருந்தால் முதலில் அதைத் திருப்பிப் போடுங்கள். கோப்பை மாற்றலாம், மேடை முழுவதையும் மாற்றக் கூடாது.

அடுத்தது பொதியின் நீளம். 1 மில்லி செக்கன், அதாவது 48 சாம்பிள். ரவென்னாக் கருவிகள் சில இதைவிட மிகச் சிறிய பொதியும் கட்டும், செக்கனின் எட்டாயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும். தாமதம் குறையும் என்று ஆசைப்பட்டு அதைத் தெரிவுசெய்தால் டான்டேக் கருவி அதை ஏற்காது. 1 மில்லி செக்கனிலேயே வையுங்கள்.

ஒரு ஸ்ட்ரீமில் அதிகபட்சம் 8 தடம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். 48 சாம்பிள், 8 தடம், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மொத்தம் 1,152 பைட். ஈதர்நெட் பொதியில் கொள்வது 1,500. அதிலும் முகவரி முதலான தலைப்புகளுக்கு 40 போகும். 8 தடம் நிம்மதியாக உள்ளே இருக்கும், 11 வைத்தால் உடைந்துவிடும். இந்த 8 தட ஸ்ட்ரீம் ஒன்று கேபிளில் சுமார் 10 மெகாபிட் எடுக்கும். பழைய 100 மெகாபிட் சுவிட்ச் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதையும் இதிலிருந்தே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிவிப்பு

ஸ்ட்ரீம்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஏஇஎஸ்67 கட்டாயமாக வகுக்கவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு கம்பனியும் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருந்தது, அதில் கை வைத்தால் நியமம் வெளிவந்தே இருக்காது. எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. நியாயத்தையும் மறுக்க முடியாது.

விளைவு இதுதான். டான்டே தன் ஏஇஎஸ்67 ஸ்ட்ரீமை எஸ்ஏபி என்ற முறையில் அறிவிக்கிறது. ரவென்னா வழக்கமாக பொன்ஜூர் வழி அறிவிக்கிறது. ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்ல, மற்றவர் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சில ரவென்னாக் கருவிகளில் எஸ்ஏபியையும் இயக்கலாம். இல்லாவிட்டால் ஒன்றை மற்றதாக மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்றை ரவென்னாக்காரரே கொடுக்கிறார்கள்.

அதுவும் சரிவராவிட்டால் கைவழி ஒன்று உண்டு, பழகி வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் எஸ்டிபி என்ற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்று இருக்கும். பத்துப் பதினைந்து வரிதான். எந்த மல்ட்டிகாஸ்ட் முகவரி (ஒருவர் அனுப்பப் பலர் வாங்கும் முகவரி), எந்த போர்ட் எண் (பொதுவாக 5004), 24 பிட்டா 16 பிட்டா, 48000, எத்தனை தடம், பொதி எத்தனை மில்லி செக்கன், எந்தத் தலைமைக் கடிகாரத்தை வைத்து இந்த ஸ்ட்ரீம் ஓடுகிறது எல்லாம் அதில் எழுதியிருக்கும். அனுப்பும் கருவியின் வலைப்பக்கத்திலிருந்து அதைப் பிரதி எடுத்து வாங்கும் கருவியில் ஒட்டினால் அறிவிப்பே தேவையில்லை. கடைசியாகச் சொன்ன கடிகார வரியை வாசிக்கப் பழகுங்கள். அதில் உள்ள அடையாள எண் வாங்கும் கருவி காட்டும் எண்ணோடு பொருந்தாவிட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம், மேலே 'நேரம்' என்ற பகுதிக்குத் திரும்புங்கள்.

டான்டேக்காரருக்கு இன்னும் இரண்டு நுணுக்கம். ஒன்று, ஏஇஎஸ்67 நிலையை இயக்கினாலும் ஸ்ட்ரீம் தானாகப் புறப்படாது. மல்ட்டிகாஸ்ட் ஃப்ளோ (ஸ்ட்ரீமுக்கு டான்டே வைத்த பெயர்) ஒன்றை உருவாக்கி, அதில் ஏஇஎஸ்67 என்று குறிக்க வேண்டும். இரண்டு, முகவரி. டான்டேயின் ஏஇஎஸ்67 ஸ்ட்ரீம்கள் இயல்பாக 239.69 என்று தொடங்கும் முகவரிகளில் இருக்கும், வாங்குவதும் அந்தத் தொடக்கத்தில் இருப்பதையே. எதிர்ப்பக்கக் கருவி 239.1 என்று எதையாவது தெரிவுசெய்திருந்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் மாற்றி ஒன்றாக்க வேண்டும்.

சாதாரண ஐபி முகவரியையும் மறக்கக் கூடாது. தானாக முகவரி கொடுக்கும் ரவுட்டர் இல்லாத இடத்தில் டான்டேக் கருவி 169.254 என்று ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். மற்றவர் 192.168 என்று கையால் எழுதி வைத்திருப்பார். ஒரே சுவிட்ச், ஆனால் வேறு வேறு வீதி. எல்லாவற்றையும் ஒரே தொகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

சுவிட்ச்

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் எட்டு போர்ட் சுவிட்ச் மலிவாகவே கிடைக்கும். வெறும் டான்டே, பத்துப் பன்னிரண்டு தடம் என்றால் அதுவே ஓடும். ஏஇஎஸ்67 என்று வந்துவிட்டால் செட்டிங்கைத் திறந்து மாற்றக்கூடிய மேனேஜ்ட் சுவிட்ச் வாங்குங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஈஈஈ என்ற வசதி அதில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இடைக்கிடை போர்ட்டைத் தூங்கவிட்டு எழுப்பும் அந்த வசதி பிடிபியின் பயண நேரக் கணக்கைக் குழப்பும். மலிவான சில சுவிட்சுகளில் அது எப்போதும் இயங்கும், நிறுத்த வழியே இருக்காது. அவற்றைத் தவிருங்கள். கேபிளிலும் கவனம். செம்பு பூசிய அலுமினியத்தைக் கேட்6 என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே பாரம் சொல்லிவிடும்.

ஏஇஎஸ்67 ஸ்ட்ரீம்கள் பெரும்பாலும் மல்ட்டிகாஸ்ட். ஒருவர் அனுப்புவதைப் பலர் வாங்கலாம். எதையும் அமைக்காவிட்டால் சுவிட்ச் அதை எல்லாப் போர்ட்டுக்கும் இறைக்கும். கேட்டவருக்கு மட்டும் கொடுக்கச் செய்வது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். அதை இயக்கினால் குவெரியர் ஒன்றும் வேண்டும், அதுவும் வலையமைப்பில் ஒரே ஓர் இடத்தில். இன்னும் வேண்டுமா, இன்னும் வேண்டுமா என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருப்பது குவெரியரின் வேலை.

ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டு குவெரியரை மறந்தால் வரும் கோளாறு மிகவும் விசித்திரமானது. ஒத்திகையில் சத்தம் அருமையாக வரும். நீங்கள் தேநீர் குடிக்கப் போவீர்கள். நாலு நிமிடம் கழித்து நின்றுவிடும். மறுபடி இணைத்தால் வரும், மறுபடி நாலு நிமிடத்தில் நிற்கும். காரணம், யாரும் மறுபடி கேட்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் வழக்கமான காலக்கெடு 260 செக்கன். பிடிபி செய்தியும் மல்ட்டிகாஸ்ட் என்பதால் கடிகாரமும் இதே மாதிரி நடுவில் அறுந்துபோகலாம். ஏறக்குறைய நாலேகால் நிமிடத்தில் ஏதாவது நின்றால் உடனே குவெரியரைத் தேடுங்கள்.

இன்னொரு முரண் முன்னுரிமை அடையாளத்தில் இருக்கிறது. நெரிசலில் எந்தப் பொதியை முதலில் விடுவது என்று சுவிட்சுக்குச் சொல்ல ஒவ்வொரு பொதியிலும் டிஎஸ்சிபி என்ற எண் பதியப்படும். டான்டே தன் கடிகாரத்துக்கு 56, ஒலிக்கு 46 என்று பதிகிறது. ஏஇஎஸ்67 பரிந்துரைப்பது கடிகாரத்துக்கு 46, ஒலிக்கு 34. ஒருவரின் ஒலி எண்தான் மற்றவரின் கடிகார எண். இரண்டும் கலந்த வலையமைப்பில் 56ஐயும் 46ஐயும் மேல் வரிசைகளிலும் 34ஐ அதற்குக் கீழும் வைப்பது நடைமுறையில் ஓடும் சமரசம். ஒலிக்கென்று தனியாக வைத்த கிகாபிட் சுவிட்சில், சில ஸ்ட்ரீம் மட்டும் ஓடினால், இந்த வித்தியாசம் காதுக்கே வராது. பெரிய மாநாட்டு மண்டபத்தில் ஆறேழு சுவிட்சைக் கோத்து, அதே கம்பியில் வீடியோவும் ஓட்டுகிறவர்கள்தான் இதில் தலையைக் கொடுக்க வேண்டும்.

வைஃபை? வேண்டாம். பயண நேரம் ஒவ்வொரு பொதிக்கும் மாறும் இடத்தில் மேலே சொன்ன கணக்கு நிற்காது. டொராண்டோவுக்குப் போகும் நேரலையும் இதில் சேராது. அது, ஒலி ஒளியைச் சுருக்கி இன்டர்நெட்டில் அனுப்பும் என்கோடரின் வேலை, இந்தக் கடிகாரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. ஏவிபி, மிலான் என்று வேறு வலையமைப்பு ஒலி முறைகளின் பெயர் எழுதிய கருவிகள் கிடைத்தால் அவற்றையும் ஏஇஎஸ்67 என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றின் கடிகார முறையும் வேறு, கேட்கும் சுவிட்சும் வேறு. இடையில் மாற்றிக் கொடுக்கும் பெட்டி இல்லாமல் இரண்டும் சேராது.

தாமதம் எவ்வளவு?

டான்டேக் கருவிகள் தங்களுக்குள் வழக்கமாக ஒரு மில்லி செக்கனிலோ அதற்கும் குறைவாகவோ பேசிக்கொள்ளும். ஏஇஎஸ்67இல் பொதி நிரம்பவே 1 மில்லி செக்கன், வாங்கும் பஃபரில் இன்னும் கொஞ்சம். சில மில்லி செக்கனுக்கு எதிர்பாருங்கள். சங்கீதக்காரர் சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். நம்மூர் வெக்கையில் காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகிறது, அதாவது மில்லி செக்கனுக்கு 35 சென்டிமீற்றர். பாடுகிறவருக்கு இரண்டு மீற்றர் தள்ளி மிருதங்கம் இருந்தால் அதன் சத்தம் அவருக்கு வந்து சேர ஆறு மில்லி செக்கன் போலாகிறது. காலங்காலமாக அதோடுதான் பாடுகிறார்கள். ஆகையால் வாங்கும் கருவியில் தாமதத்தை ஆகக் குறைந்த எண்ணுக்கு இறுக்கிவிட்டு வெட்டு வருகிறதே என்று அலைவதை விட, 3 அல்லது 5 மில்லி செக்கன் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது நல்லது. பதிவுக்கும் நேரலைக்கும் இன்னும் தாராளமாகவே கொடுக்கலாம்.

காதால் கோளாறு பார்ப்பது

வந்து சேரும் சத்தத்தை ஹெட்போனில் பத்து நிமிடமாவது கேளுங்கள். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு 'ஓகே' சொல்வது இந்த வேலையில் உதவாது, மெதுவாக விலகும் கடிகாரம் அதற்குள் பிடிபடாது. சீரான இடைவெளியில் 'டிக்' வந்தால், அது 20 செக்கனுக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவையோ, இரண்டு கடிகாரம் தனித்தனியே ஓடுகிறது. பதிப்பு, டொமைன், தலைமை அடையாள எண் ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டினால் சுவிட்சில் நெரிசல், கேபிள், ஈஈஈ, அல்லது இறுக்கிய தாமதம். கொஞ்ச நேரம் நன்றாக வந்து முழுவதுமாக நின்றால் குவெரியர். கடிகாரம் ஒன்றாக இருந்தும் தொடக்கத்திலிருந்தே எதுவும் வராமல் பெயர் மட்டும் தெரிந்தால் முகவரித் தொடக்கம், பொதி நீளம், தடங்களின் எண்ணிக்கை. சத்தம் வந்து, சுருதி மட்டும் ஏறியோ இறங்கியோ கேட்டால் எங்கோ ஓரிடத்தில் 44.1 ஒளிந்திருக்கிறது.

இனி, கரண்ட். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டிய காலம் போய்விட்டது. ஆனாலும் நிகழ்ச்சி நடுவில் ஒரு தடவை போய் வருவதற்கு எந்த மண்டபமும் தயாராக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பிடிக்கும் வரையுள்ள அந்தச் சில செக்கனில் சுவிட்ச் அணைந்தால், அது மறுபடி முழுதாக எழும்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகலாம். அதற்குள் ஒவ்வொரு கருவியும் தலைமையைக் காணவில்லை என்று தானே தலைமையாக நிற்கும். சுவிட்ச் வந்ததும் மறுபடி தெரிவு நடக்கும், ஒவ்வொன்றாக அதற்குப் பின்னால் சேரும், அதுவரைக்கும் சத்தம் விக்கும். அதனால் யுபிஎஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதில் முதலில் மாட்ட வேண்டியது சுவிட்ச், இரண்டாவது முன்னுரிமை எண்ணைக் குறைத்து வைத்த தலைமைக் கருவி. கணினி மூன்றாவது. அப்படியும் எல்லாம் ஒரேயடியாக அணைந்து எழும்பினால், பதற்றத்தில் செட்டிங்கைத் தொடாமல், ஃபேடர்களை இறக்கி வைத்துவிட்டுத் தலைமை அடையாள எண் எல்லாத் திரையிலும் ஒன்றாக வரும் வரைக்கும் பொறுத்திருங்கள். வந்தபின் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.